பிரசவத்துக்கு ஊருக்குப் போவதா, ஜெர்மனியிலேயே இருப்பதா?

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகருக்கு அருகில் வசிக்கும் 31 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். கணவர் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். உயர்திறன் பணியாளர்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தரும் நீல அட்டை அனுமதியில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்தவர். வாசகி வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன, வேலைக்குப் போகவில்லை. இப்போது 14 வாரக் கர்ப்பம். திருமணமான புதிதில், ஊரில், ஒருமுறை கரு கலைந்திருக்கிறது. தைராய்டு குறைபாட்டுக்காகத் தினமும் 50 மைக்ரோகிராம் மாத்திரை எடுக்கிறார். அது தீரும்போதெல்லாம் அண்ணன் கூரியரில் அனுப்பி வைக்கிறார். குடும்ப மருத்துவர் கர்ப்பத்தை உறுதிசெய்து மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் இணையத்தில் தேடியபோது ஆகஸ்ட் வரை எங்கும் நேரம் கிடைக்கவில்லை. இதற்கிடையில் காய்ச்சலோடு போனபோது, "ஓய்வெடுங்கள், தேநீர் குடியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். "ஒரு ஊசிகூடப் போடவில்லை டாக்டர், இவர்களை நம்பி எப்படிப் பிள்ளை பெறுவது?" என்று கேட்கிறார். கணவரின் சம்பளம் ஏப்ரலில் ஆண்டுக்கு 81,000 யூரோவாக உயர்ந்திருக்கிறது. உடன் பணிபுரியும் ஒருவர், தனியார் காப்பீட்டுக்கு மாறினால் செலவும் குறையும், மருத்துவரும் உடனே கிடைப்பார் என்கிறார். அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. அவரை வரவழைத்துக் கணவரின் காப்பீட்டிலேயே சேர்த்துவிடலாமா, அல்லது பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்பது அவருடைய கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் காப்பீடு, அம்மா, பயணம் என்று பெரிய கேள்விகள் முன்னால் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால், நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன தைராய்டு மாத்திரை இருக்கிறது. மருத்துவராக நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மற்ற முடிவுகளுக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன; இதற்கு இல்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியது

கர்ப்ப காலத்தில் தாயின் உடலுக்குத் தைராய்டு ஹார்மோன் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படும்; முதல் மாதங்களில் குழந்தையும் தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கும். ஆகவே கர்ப்பத்துக்கு முன் போதுமானதாக இருந்த 50 மைக்ரோகிராம் இப்போதும் போதும் என்று எண்ண முடியாது. பெரும்பாலான பெண்களுக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை சொல்லும். கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை அதை ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். நீங்கள் இங்கு வந்த ஏழு மாதங்களில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்று கடிதத்திலிருந்து புரிகிறது. இதற்கு மகப்பேறு மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் குடும்ப மருத்துவரே ரத்தம் எடுப்பார், மாத்திரைச் சீட்டும் அவரே தருவார். அந்தச் சீட்டு உங்கள் காப்பீட்டு அட்டை வழியாகவே மருந்தகத்துக்குப் போய்விடும். அட்டையை நீட்டினால் மாத்திரை கையில் வரும்.

பழைய மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். வணிகப் பெயர் வேறாக இருந்தாலும், லெவோதைராக்சின் என்ற மருந்துப் பெயரையும் மைக்ரோகிராம் அளவையும் பார்த்தால் இங்குள்ள மருத்துவருக்குப் புரிந்துவிடும். அதிகாலையில் வெறும் வயிற்றில் எடுங்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். கூரியரை இத்தோடு நிறுத்திவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனிநபர் அஞ்சலில் மருந்து தருவிப்பதை ஜெர்மன் சட்டம் அனுமதிப்பதில்லை. இதுவரை சுங்கத்தில் சிக்காதது உங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்தது மகப்பேறு மருத்துவர். நீங்கள் இணையத்தில் தேடியது பெரும்பாலும் புதிய நோயாளிகளுக்கான வழக்கமான பரிசோதனை நேரமாக இருக்கும். அதற்கு மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வது இங்கு சகஜம். கர்ப்பிணிக்கு அந்த வரிசை இல்லை என்று சட்டம் எதுவும் சொல்லவில்லைதான், ஆனால் தொலைபேசியில் முதல் வாக்கியமாகவே "இஷ் பின் ஷ்வாங்கர், இன் டேர் ஃபியர்ட்ஸேன்டென் வொஹெ", அதாவது "பதினான்காம் வாரக் கர்ப்பிணி" என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவரின் குரலே மாறும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்று நான்கு மருத்துவமனைகளில் முயன்றும் கிடைக்காவிட்டால் 116117 என்ற எண்ணை அழையுங்கள். இரவிலும் விடுமுறை நாளிலும் மருத்துவரைக் காட்டித் தருகிற அதே எண், பொதுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்குச் சிறப்பு மருத்துவரின் நேரத்தையும் வாங்கித் தருகிறது. நான்கு வாரத்துக்குள் தர வேண்டும் என்பது அவர்கள் கடமை. மகப்பேறு மருத்துவருக்குப் பரிந்துரைச் சீட்டும் தேவையில்லை. எந்த மருத்துவர், எந்த ஊரில் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் உங்களுக்கு இருக்காது. சற்றுத் தொலைவாக இருந்தாலும் போய்விடுங்கள். 9 முதல் 12 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய முதல் ஸ்கேன் உங்களுக்குத் தவறிவிட்டது. பிரசவத் தேதியைத் துல்லியமாகக் கணிக்க அது உதவுவதால் இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

வலியோடு கூடிய ரத்தப்போக்கு, மயக்கம், மூச்சுத்திணறல் போன்றவை ஏற்பட்டால் எந்த நேரமும் 112 என்ற அவசர எண்ணை அழையுங்கள். ஆம்புலன்ஸ் கட்டணத்துக்குப் பயந்து தயங்காதீர்கள்; பொதுக் காப்பீட்டில் உங்கள் பங்கு அதிகபட்சம் 10 யூரோதான்.

தேநீர் வைத்தியம் பற்றி

உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தால் வைத்தியமே நடக்காதது போல் இருக்கும். ஊசி போட்டால்தான் "டாக்டர் பார்த்தார்" என்று கணக்கு. ஆனால் வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. கர்ப்பிணிக்குத் தேவையில்லாத மருந்து தராமல் இருப்பதும் சிகிச்சையே. அவர்கள் தவறியது வேறிடத்தில்: எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். இங்கு சீட்டு இல்லாமலே கிடைக்கும் ஐபுப்ரோஃபெனை நீங்களாக எடுக்காதீர்கள். அதிலும் 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தையும் இதய ரத்தக்குழாயையும் பாதிக்கக்கூடும்.

தனியார் காப்பீடு: நண்பரின் கணக்கும் உங்கள் கணக்கும்

முதலில் ஒரு திருத்தம். உங்கள் கணவர் நினைத்தாலும் இப்போது மாற முடியாது. பொதுக் காப்பீட்டில் கட்டாயமாக இருக்க வேண்டிய வருமான வரம்பு 2026-ஆம் ஆண்டுக்கு 77,400 யூரோ. நடு ஆண்டில் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டினால், கட்டாயம் நீங்குவது அந்த ஆண்டின் இறுதியில்தான். அதுவும் அடுத்த ஆண்டுக்கான வரம்பையும் அவருடைய சம்பளம் தாண்டினால் மட்டுமே. உங்கள் பிரசவமோ நவம்பர் நடுவில். ஆக, யார் என்ன சொன்னாலும் இந்தப் பிரசவம் பொதுக் காப்பீட்டில்தான் நடக்கப்போகிறது. "பிரசவத்துக்கு முன் மாறுவோமா" என்ற வாதம் உங்கள் வீட்டில் இத்தோடு முடிந்துவிடலாம்.

ஜனவரியில் என்ன செய்வது என்பது உண்மையான கேள்வி. பொதுக் காப்பீட்டில் சந்தா சம்பளத்தைப் பொறுத்தது. எத்தனை பேருக்கு என்பதைப் பொறுத்ததல்ல. அடிப்படை விகிதம் 14.6 சதவீதம், அதற்கு மேல் ஒவ்வொரு காப்பீட்டு நிதியமும் வாங்கும் கூடுதல் விகிதத்தின் சராசரி இந்த ஆண்டு 2.9 சதவீதம். இரண்டிலும் பாதியை நிறுவனம் தருகிறது. மாதம் 5,812 யூரோ 50 சென்ட் வரையிலான சம்பளத்துக்கு மட்டுமே இந்தக் கணக்கு என்பதால், உங்கள் கணவரின் பங்கு மருத்துவக் காப்பீட்டுக்கு ஏறக்குறைய 509 யூரோவில் நின்றுவிடும். இன்றைய சட்டப்படி அந்தத் தொகைக்குள்ளேயே வருமானம் இல்லாத மனைவியும், பிறக்கப்போகும் குழந்தையும் அடங்குகிறார்கள்.

தனியார் காப்பீட்டில் அப்படியில்லை. தலைக்கு ஒரு சந்தா. அதுவும் சேரும் வயதையும் உடல்நிலையையும் பார்த்துத் தீர்மானிப்பது. அலுவலக நண்பர் திருமணமாகாதவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் கணக்கு அவருக்குச் சரி. உங்கள் கணவர் மாறினால் நீங்கள் குடும்பக் காப்பீட்டிலிருந்து வெளியேறுவீர்கள். தைராய்டு குறைபாடும் கரு கலைந்ததும் விண்ணப்பத்தில் எழுதப்பட வேண்டியவை; தனியார் நிறுவனம் அவற்றைக் காட்டிச் சந்தாவை உயர்த்தலாம், மறுக்கவும் செய்யலாம். மறைத்து எழுதினால் பின்னாளில் பெரிய செலவு வரும் நேரத்தில் ஒப்பந்தமே ரத்தாகும் அபாயம் உண்டு. நீங்கள் மட்டும் பொதுக் காப்பீட்டில் தங்கிவிடலாம் என்றால், கணவரின் வருமானத்தில் பாதியை உங்கள் வருமானமாகக் கொண்டு சந்தா போடுவார்கள். முதுமையிலோ நோயிலோ பராமரிப்பு தேவைப்படும்போது உதவும் பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்து அது மாதம் 600 யூரோவை ஒட்டி வரும், குழந்தைக்கான கழிவு போனால் சற்றுக் குறையலாம். அதற்கு நிறுவனத்தின் பங்கு கிடையாது. அப்போதும் குழந்தை இலவசமாக உங்களோடு சேராது: தனியாரில் இருக்கும் பெற்றோரின் வருமானம் வரம்பையும் தாண்டி, மற்றவரின் வருமானத்தையும் விஞ்சினால் குழந்தைக்குத் தனிச் சந்தா கட்டியே ஆக வேண்டும்.

தனியார் காப்பீட்டுக்கு நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நேரம் விரைவாகக் கிடைக்கும். நிறுவனமும் ஒரு உச்சவரம்புக்குள் பாதிச் சந்தாவைத் தரும். நான்கைந்து ஆண்டுகளில் ஊர் திரும்புவது உறுதியென்றால், முதுமையில் சந்தா ஏறுவது குறித்த கவலையும் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் இங்கேயே தங்க நேர்ந்தால், 55 வயதுக்குப் பிறகு பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது ஏறக்குறைய இயலாத காரியம். குழந்தையோடு, ஒற்றைச் சம்பளத்தில், எத்தனை ஆண்டு தங்குவோம் என்று முடிவு செய்யாத குடும்பத்துக்கு நான் மாற்றத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டு மாறும் சமயத்தில் காப்பீட்டு நிதியத்திலிருந்து கடிதம் வரும்போது அதை மேசையிழுப்பில் போட்டுவிட்டாலே போதும். விலகுவதாக எழுதிக் கொடுக்காதவரை உறுப்பினராகவே தொடர்வார்.

ஊருக்குப் போவதென்றால்

தாய்வீட்டில் பிள்ளை பெறும் ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு கருவை இழந்தவருக்கு, தெரிந்த மொழியில் பேசும் மருத்துவரும் தலைமாட்டில் அம்மாவும் இருப்பது எத்தனை பெரிய பலம் என்பதை அறிவேன். போவதாக முடிவெடுத்தால் தவறில்லை. என்னென்ன பின்தொடரும் என்று தெரிந்து போங்கள்.

உங்கள் ஜெர்மன் காப்பீட்டு அட்டை இந்தியாவில் செல்லாது. அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டுமே உதவும். இந்தியாவில் இப்போது புதிதாக எடுக்கும் காப்பீடுகளில் பேறுகாலச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும் என்பதால் அதுவும் இந்த நவம்பருக்குக் கைகொடுக்காது. முழுச் செலவும் கைப்பணம். 28 வாரத்துக்குப் பிறகு பல விமான நிறுவனங்கள் மருத்துவச் சான்று கேட்கும். 36 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். ஆகவே செப்டம்பருக்குள் புறப்பட வேண்டும். பிறந்த குழந்தைக்கு முதலில் இந்தியப் பாஸ்போர்ட், பிறகு குடும்பத்தோடு சேர்வதற்கான ஜெர்மன் விசா. இவை முடியச் சில மாதங்கள் பிடிக்கலாம். அதுவரை குழந்தையின் அப்பா அதைத் திரையில்தான் பார்ப்பார். ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் வதிவிட அனுமதி பொதுவாகக் காலாவதியாகும். நீல அட்டைக் குடும்பங்களுக்கு அது 12 மாதம் என்பதால் அந்த வகையில் உங்களுக்குப் பதற்றம் தேவையில்லை.

இங்கே பெற்றால் குழந்தைக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைக்கும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கிடைக்காது. பெற்றோரில் ஒருவர் ஐந்து ஆண்டு சட்டப்படி இங்கு வாழ்ந்து, காலவரையற்ற வதிவிட உரிமையும் பெற்றிருந்தால்தான் அது பொருந்தும். அதைக் காரணமாக வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

மருத்துவ ரீதியாக ஒன்று சொல்லலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றுப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் அறுவை மூலம் நடந்தவை; ஜெர்மனியில் மூன்றில் ஒன்றை ஒட்டியே இருக்கிறது. இதை வைத்து இது நல்லது, அது கெட்டது என்று தீர்ப்பு எழுத முடியாது. இங்கு சுகப்பிரசவத்துக்காக மணிக்கணக்கில் பொறுமையாகக் காத்திருப்பார்கள் என்பதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இருந்தால் பரிசோதனைகளுக்கும் பிரசவத்துக்கும் நீங்கள் தனியாகக் கட்ட வேண்டியது பெரும்பாலும் எதுவுமில்லை; கர்ப்பம் தொடர்பான மருந்துகளுக்கு, மற்ற மருந்துகளுக்கு நோயாளி கட்டும் ஐந்து பத்து யூரோ பங்கும் கிடையாது. எல்லாப் பரிசோதனை முடிவுகளும் முட்டர்பாஸ் என்ற சிறு கையேட்டில் எழுதப்படும். அதை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள்.

நம்மவர்கள் பலர் பயன்படுத்தாமல் விடுவது ஹெபம்மெ என்னும் பேறுகாலத் தாதியின் சேவையை. பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கே வருவார். முதல் பத்து நாட்கள் தினமும், பிறகு 12 வாரம் வரை தேவைக்கேற்ப. தொப்புளைப் பார்ப்பார், எடை போடுவார், பால் கொடுக்கும்போது அருகில் அமர்ந்து குழந்தையின் தலையைத் திருப்பிக் காட்டுவார். செலவைக் காப்பீடு ஏற்கும். ஆனால் நவம்பருக்கு ஆள் கிடைப்பது இப்போதே கடினம். இன்றே தேடத் தொடங்குங்கள். மொழிபெயர்ப்பாளர் செலவைக் காப்பீடு தராது. தமிழோ ஆங்கிலமோ தெரிந்த தாதியைக் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவின் வருகை

குடும்பக் காப்பீடு கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு மட்டுமே. பெற்றோரை அதில் சேர்க்க வழியில்லை. அம்மா 90 நாள் ஷெங்கன் விசாவில், அதாவது குறுகிய காலப் பயணத்துக்கான ஐரோப்பிய விசாவில் வருவார். அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு வேண்டும். அந்தக் காப்பீடு எதிர்பாராத நோய்க்கும் விபத்துக்கும் உரியது. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கான வழக்கமான சிகிச்சைக்கு அல்ல. ஏற்கெனவே உள்ள நோய் திடீரென முற்றினால் என்ன செய்வார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விலையைப் பார்ப்பதற்கு முன் அந்த ஒரு பத்தியைப் படியுங்கள்.

இன்னொன்று, பலர் படிக்காமல் கையெழுத்திடுவது. விசாவுக்காக உங்கள் கணவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்பு உறுதிமொழி கொடுத்தால், அம்மாவின் மருத்துவச் செலவும் அதில் அடங்கும். காப்பீடு மறுத்த மருத்துவமனைச் செலவுக்காக அவரிடமே வருவார்கள். அம்மாவே தன் வங்கிக் கணக்கைக் காட்டி விசா பெற முடியுமானால் அந்த வழி மேல்.

மூன்று மாதத்துக்கான மாத்திரைகளை அவர் தன்னோடு கொண்டுவரலாம். சொந்த உபயோகத்துக்கு அந்த அளவு அனுமதி உண்டு. மருந்துப் பெயர்களோடு மருத்துவரின் ஆங்கிலக் கடிதம் ஒன்று கூடவே இருக்கட்டும். இன்சுலின் போடுபவராக இருந்தால் அது கைப்பையில்தான் வர வேண்டும். சரக்குப் பெட்டியில் உறைந்தால் பயனற்றுப் போகும். பிரசவ லேகியமும் பூண்டும் வரட்டும். உரைமருந்துக் கல் மட்டும் ஊரிலேயே இருக்கட்டும். பச்சைக் குழந்தையின் வாயில் எதையும் உரைத்துத் தடவக் கூடாது என்பதில் உங்கள் ஹெபம்மெயும் நானும் ஒரே கட்சி. அம்மா வருவதற்கு முன்பே அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் புறப்படும் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அக்டோபர் கடைசியில் வந்தால் ஜனவரி இறுதி வரை உங்களோடு இருக்க முடியும். அந்தத் தேதியை வைத்து இப்போதே நேரம் பதிவு செய்யச் சொல்லுங்கள். விசா எதிர்பாராமல் மறுக்கப்பட்டு, பிரசவத்துக்குப் பின் உங்களால் வீட்டு வேலை செய்ய முடியாத நிலையும் ஏற்பட்டால், வீட்டு உதவியாளர் கேட்டுக் காப்பீட்டு நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மருத்துவரோ ஹெபம்மெயோ சான்று எழுதித் தருவார்.